ஒட்டினது மட்டும்தானா?



அறிவியல் தினக் கண்காட்சியில் நான் ஒரு பச்சைக் கார் மாதிரி வைத்திருந்தேன். பார்த்தவர்களில் பாதிப் பேர் கேட்டது ஒரே கேள்விதான். "கடையில வாங்கினதா?" சிங்கப்பூரிலிருந்து மாமா வாங்கி வந்த கிட், நான் ஒட்டி பெயிண்ட் அடித்தேன் என்றதும், "ஓ, ஒட்டினது மட்டும்தானா" என்று அடுத்த மேசைக்குப் போய்விட்டார்கள். அதற்குப் பதில்தான் இந்தக் கட்டுரை.

அது பென்ட்லி நாலரை லிட்டர் கார். இங்கிலாந்தில் 1919 முதல் 1930 வரை செய்த கார்களைத்தான் விண்டேஜ் என்பார்கள். அந்தக் காலத்துக் கார் இது. காற்றையும் பெட்ரோலையும் அழுத்தி இஞ்சினுக்குள் தள்ளும் சூப்பர்சார்ஜர் ரேடியேட்டருக்கு முன்னால் துருத்திக்கொண்டு இருக்கும். கம்பெனியைத் தொடங்கிய பென்ட்லிக்கே அது பிடிக்கவில்லையாம். பர்கின் என்ற பந்தய வீரர்தான் பிடிவாதமாகச் செய்ய வைத்தார். 1930-ல் லெ மான்ஸ் பந்தயத்தில் இந்தக் கார்கள் பாதியில் நின்றுவிட்டன. அதே வருடம் பிரெஞ்சு கிராண்ட் பிரியில் பர்கின் இதை ஓட்டி இரண்டாவதாக வந்தார். பந்தயத்தில் பிரான்சுக்கு நீலம், இத்தாலிக்குச் சிவப்பு, இங்கிலாந்துக்குப் பச்சை. அதனால்தான் பச்சை.

என் மாதிரி அதில் 12-ல் ஒரு பங்கு. நம் ஒரு அடி ஸ்கேலை விடக் கொஞ்சம் நீளம். பெட்டியைத் திறந்தால் கார் இருக்காது. பிளாஸ்டிக் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான துண்டுகள் இருக்கும். முதலில் சோப்புத் தண்ணீரில் கழுவ வேண்டும். அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை போகாவிட்டால் பெயிண்ட் பிடிக்காது. பிறகு ஒவ்வொன்றாக வெட்டி, பிசிறு தேய்த்து, ஒட்டி, இடைவெளிக்குப் பட்டி வைத்து, மறுபடி தேய்க்க வேண்டும். வெள்ளி முலாம் பூசிய துண்டுகளில் ஒட்டும் இடத்தைச் சுரண்டாவிட்டால் பசை நிற்காது. இது எனக்கு மூன்று முறை விளக்கு கழன்று விழுந்த பிறகுதான் புரிந்தது.

என் அப்பா பட்டறையில் லாரிக்குப் பெயிண்ட் அடிப்பவர். ஒரு நாள் கறையைத் துடைக்கலாம் என்று அவருடைய தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்த்தேன். மட்கார்டு மெழுகு மாதிரி இளகிவிட்டது! அழுதுவிட்டேன். அப்பா திட்டவில்லை. "இரும்புக்கு ஆவறது பிளாஸ்டிக்குக்கு ஆவாதும்மா. காய விடு, பட்டி வெச்சு எடுத்துரலாம்" என்றார். நாலு நாள் காயவிட்டு, வாட்டர் பேப்பர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து சரிசெய்தேன். கண்காட்சியில் எந்த மட்கார்டு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை.

இதுதான் நான் சொல்ல வருவது. இந்த வேலையை நன்றாகச் செய்தால் செய்ததே தெரியாது. தப்பாகச் செய்தால்தான் தெரியும். சீட்டுக்கு அடியில் எதற்குப் பெயிண்ட், யார் பார்க்கப் போகிறார்கள் என்று நான் கேட்டபோது அப்பா சொன்னார்: "அடிவேலை சரியில்லன்னா ஒரு மழைக்கு மேல உரிஞ்சிடும். அப்ப எல்லாரும் பாப்பாங்க."

இன்னொன்றும் சொல்ல வேண்டும். "பளபளப்பே இல்லையே, பெயிண்ட் சரியில்ல" என்று ஒருவர் குறை சொன்னார். பர்கினின் பந்தயக் கார்களுக்கு உடம்பு தகரம் இல்லை. மரச்சட்டத்தின் மேல் துணி போர்த்தியது. துணி பளபளக்குமா? மங்கலாக வரவேண்டும் என்றுதான் அந்தப் பச்சையை இரண்டு முறை மாற்றி அடித்தேன். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

ஒரு பையன், "பெயிண்டர் பொண்ணு, பெயிண்ட் அடிச்சிருக்கு, இதிலென்ன அதிசயம்" என்றான். அதிசயம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அதைக் கேவலமாகச் சொன்னதுதான் எனக்கு வருத்தம்.

நான் காரைக் கண்டுபிடிக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். வரைபடம் கம்பெனியுடையது. பாடி முதல் கோட் அப்பா அடித்தது. சொந்தமாக யோசித்துச் செய்தவர்களுக்கே முதல் பரிசு கொடுக்கட்டும். ஆனால் காசு கொடுத்து செய்து வாங்கிய தெர்மாகோல் மாதிரியும், இரண்டு மாத ஞாயிற்றுக்கிழமைகளும் ஒன்றா?

அதனால் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த வருடம் மதிப்பெண் போடுவதற்கு முன் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்வி கேளுங்கள். எதை நீயே செய்தாய்? எது கெட்டுப்போனது? எப்படிச் சரிசெய்தாய்? செய்தவர்கள் பேசிக்கொண்டே இருப்பார்கள். செய்யாதவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார்கள்.

இது என் கருத்து. தப்பு என்று நினைப்பவர்கள் அடுத்த இதழில் எழுதுங்கள், படிக்கிறேன். கார் அறிவியல் கூடத்து அலமாரியில்தான் இருக்கிறது. பார்க்கலாம். முன் விளக்கை மட்டும் தொடாதீர்கள்!

— ஒன்பதாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி