சர்வே எண்ணுக்குள் அடங்காத தண்ணீர்

நாளிதழின் உள்பக்கங்களில், ஏல அறிவிப்புகளுக்கும் பெயர் மாற்ற விளம்பரங்களுக்கும் நடுவே, பொடி எழுத்தில் அவ்வப்போது ஓர் அறிவிப்பு வரும். இன்ன வட்டம், இன்ன கிராமம், இன்ன சர்வே எண்கள். இதுவரை விவசாய மண்டலத்தில் இருந்த இந்த நிலத்தைக் குடியிருப்பு மண்டலமாக மாற்றக் கோரி விண்ணப்பம் வந்திருக்கிறது. ஆட்சேபணை இருந்தால் குறித்த நாளுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்கலாம். ஓர் ஊரின் தலையெழுத்தை மாற்றும் முடிவு அந்த ஊருக்குச் சொல்லப்படுவது இந்த நாலு வரியில்தான். அந்த நாளிதழ் அந்த ஊர் டீக்கடைக்கு வருகிறதா, வந்தாலும் வெறும் எண்ணை வைத்து அது யார் நிலம், எந்த மடைக்குக் கீழே இருக்கிறது என்று ஊரார் கண்டுகொள்வார்களா என்பதைப் பற்றிச் சட்டம் கவலைப்படுவதில்லை.

நான் இந்த அறிவிப்புகளைத் தவறாமல் படிப்பவன். படிக்கப் படிக்க ஒரு கேள்வி பெரிதாகிக்கொண்டே போகிறது. ஊரின் நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று முடிவு செய்யும் இடத்தில் ஊர் ஏன் இல்லை?

செங்கல்பட்டு மாவட்டத்தில் உறவினர் ஊருக்குப் போயிருந்தபோது, ஒரு குடியரசு நாள் கிராம சபையில் ஓரமாக உட்கார்ந்து கேட்டேன். பள்ளிக்கூட வளாகம், புங்கமர நிழல். வரவு செலவு வாசித்து முடித்ததும் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி எழுந்தார். ஏரிப் பாசனத்தில் நெல் வைப்பவர். கையில் புலப்பட நகல். “தலைவரே, இந்தப் படத்துல வாய்க்கா போவுது பாருங்க. அது மேலயே கல்லு நட்டிருக்கான். யாரக் கேட்டு நட்டான்?” என்றார். தலைவருக்குச் சங்கடம். “அக்கா, அது நம்ம கையில இல்ல. மெட்ராஸ்லயே மாத்திக் குடுத்துட்டாங்க. நம்மகிட்ட ஃபைல் வந்தப்ப ரோட்டையும் பார்க் எடத்தையும் வாங்கிக்கச் சொல்லித்தான் வந்துச்சு” என்றார். அந்த அம்மா உட்காரவில்லை. “தண்ணி நம்ம ஊருல ஓடுது. மாத்துறது மட்டும் மெட்ராஸ்லயா?” என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் பதில் சொல்லவில்லை. அடுத்த பொருளுக்குப் போனார்கள்.

தலைவர் சொன்னது உண்மைதான். 1971-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி முழுமைத் திட்டம் போடுவதும், அதில் நிலப் பயன்பாட்டை மாற்றுவதும் ஊராட்சியின் வேலை அல்ல. சென்னைப் பெருநகரப் பகுதியில் அது பெருநகர வளர்ச்சிக் குழுமமான சிஎம்டிஏவிடம் இருக்கிறது. மற்ற இடங்களில் நகர் ஊரமைப்பு இயக்ககமான டிடிசிபி. இரண்டும் மாநில அரசின் அமைப்புகள். 2008-இல் வந்த சென்னையின் இரண்டாவது முழுமைத் திட்டம் 1,189 சதுர கிலோமீட்டருக்கு உரியது. 2022-இல் பெருநகர எல்லையை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள். ஏரியும் ஆயக்கட்டுமாக இருக்கும் நூற்றுக்கணக்கான ஊர்கள் அந்தக் கோட்டுக்குள் வந்துவிட்டன.

அரசியல் சாசனம் வேறு மாதிரி நினைத்தது. 1992-இன் 74-ஆவது திருத்தம் சேர்த்த பன்னிரண்டாம் அட்டவணையில், நகர உள்ளாட்சிகளிடம் கொடுக்கத் தக்க பணிகளில் முதலாவது நகரத் திட்டமிடல். இரண்டாவது நிலப் பயன்பாட்டையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துதல். குடிநீருக்கும் குப்பைக்கும் முன்னால் அவற்றை வைத்திருக்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் நம் மாநகராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் கிடைத்திருப்பது சிறிய கட்டடங்களுக்கு அனுமதி கொடுக்கும் அதிகாரம்தான். கிராம ஊராட்சிகளின் நிலை இன்னும் மோசம். அவற்றுக்கான பதினோராம் அட்டவணையில் நிலப் பயன்பாடு என்ற இனமே இல்லை.

இதில் என்ன குடி முழுகிப் போகிறது என்று கேட்பவர்கள், ஓர் ஏரியின் கீழே நின்று பார்க்க வேண்டும். ஏரியின் மதகிலிருந்து ஒரு வாய்க்கால் புறப்படுகிறது. அது ஒருவர் வயலில் நுழைந்து, அடுத்தவர் வரப்போரம் நடந்து, கடைமடை வரை போகிறது. மிஞ்சிய நீர் போக்குக் கால்வாயில் இறங்கி அடுத்த ஊர் ஏரிக்குப் போகிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருவள்ளூர்ப் பக்கம் ஏரிகள் இப்படித்தான் ஒன்றோடொன்று கோத்துக் கிடக்கின்றன. ஒன்றின் கலங்கலில் வழிவது அடுத்ததன் வரத்து.

வகைப்பாடு மாற்ற விண்ணப்பமோ நாலைந்து சர்வே எண்களுக்கு வருகிறது. அதிகாரிகள் அந்த நாலைந்தை மட்டும் பார்க்கிறார்கள். நீர்வளத் துறையிடம் தடையின்மைச் சான்று கேட்கிறார்கள். பெரும்பாலும் அந்தச் சான்று, மனையை இவ்வளவு உயரத்துக்கு மண் கொட்டி மேடாக்க வேண்டும் என்று நிபந்தனை போடும். நிபந்தனைப்படியே லாரி லாரியாகக் கிராவல் வந்து இறங்கும். அந்த மனை தப்பிக்கும். அங்கே தேங்கி நின்ற தண்ணீர் பக்கத்து வயலுக்கும், அதை ஒட்டிய பழைய குடியிருப்புக்கும் போகும். வாய்க்கால் வரைபடத்தில் இருக்கும். தரையில் அது மனைப்பிரிவின் சாலையோரச் சிமென்ட் வடிகாலாகச் சுருங்கியிருக்கும், அல்லது குழாய்க்குள் போயிருக்கும். முதல் பருவத்தில் கடைமடைக்குத் தண்ணீர் வராது. இரண்டாம் ஆண்டு கடைமடைக்காரர் நிலத்தைத் தரிசு போடுவார். மூன்றாம் ஆண்டு அவரிடமும் தரகர் வந்து நிற்பார். அடுத்த விண்ணப்பத்தில், “இந்த நிலத்தில் சில ஆண்டுகளாகச் சாகுபடி இல்லை” என்று எழுதலாம். அதுவும் உண்மையாகவே இருக்கும். ஒரு மாற்றம் அடுத்த மாற்றத்துக்குக் காரணம் தயாரித்துக் கொடுக்கிறது. கோப்புகளோ ஒவ்வொன்றும் தனித்தனியாக, குறையில்லாமல் இருக்கும்.

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு வைத்து மக்களை மீட்டதைப் பார்த்தோம். வேளச்சேரியில் ஒவ்வொரு மழைக்கும் மேம்பாலத்தின் மேல் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள். ஏரியும் சதுப்பும் துண்டு துண்டாகக் கைமாறிய இடத்தில் மழைநீர் வேறு எங்கே போகும்? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். அதற்குள் அதன் பழைய பரப்பில் பெரும்பகுதியைக் குப்பைமேடும் கட்டடங்களும் சாலைகளும் எடுத்துக்கொண்டிருந்தன. அவற்றில் பலவற்றுக்கு முறையான அனுமதி இருந்தது. என்னை உறுத்துவது அதுதான். ஆக்கிரமிப்பை இடிக்கலாம். அனுமதியோடு நடந்த தவறை என்ன செய்வது?

பணத்தைப் பற்றியும் பேச வேண்டும். விவசாய நிலம் சென்ட் கணக்கில் விலை பேசப்படுகிறது. மனை சதுர அடிக் கணக்கில். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. சாலைக்கும் பூங்காவுக்கும் போக மீதியை விற்றாலும், வயலாக வாங்கிய விலைக்கும் மனையாக விற்கும் விலைக்கும் இடையில் பல மடங்கு வித்தியாசம் வரும். அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது உழைப்பு அல்ல, ஒரு கையெழுத்து. உழுதவருக்கும் அது போவதில்லை. வகைப்பாடு மாறுவதற்கு முன்பே அவர் வயல் விலைக்கு விற்றிருப்பார், அல்லது பவர் எழுதிக் கொடுத்திருப்பார். அரசுக்கு வளர்ச்சிக் கட்டணம் என்று ஒரு தொகை வரும். தண்ணீர் இழந்த கடைமடைக்காரருக்கு ஒன்றும் இல்லை. ஊரார் எல்லோருடைய பெயரிலும் அரசு எடுக்கும் முடிவால் விளையும் லாபம், விண்ணப்பித்தவர் ஒருவர் பைக்குப் போவது நியாயம் இல்லை.

வீடு கட்டவே கூடாது என்று நான் சொல்லவில்லை. கிண்டியிலும் ஒரகடத்திலும் வேலை பார்க்கும் இளம் தம்பதிக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு மனை வேண்டும். வாடகை கொடுத்து மாளாதவர்களின் நியாயமான ஆசை அது. நகரம் வளரத்தான் செய்யும். ஆனால் எப்படி வளர்ப்பது என்பதற்கு நம்மிடமே நூறாண்டு முன்மாதிரி இருக்கிறது. 1920-இல் சென்னை மாகாணம் நகரமைப்புச் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே மாம்பலம் நெட்டேரியை வற்றவைத்து தியாகராய நகரை அமைத்தார்கள். ஓர் ஏரியைத் தூர்த்தது பெரிய இழப்பு, இன்று தி.நகர் மழைக்குத் தத்தளிப்பதில் அதற்குப் பங்கு உண்டு. ஆனாலும் அவர்கள் துண்டு துண்டாகச் செய்யவில்லை. முழுப் பகுதிக்கும் ஒரே வரைபடம் போட்டு, நடுவில் பனகல் பூங்காவை வைத்து, அதிலிருந்து சாலைகளைப் பிரித்தார்கள். அந்தப் பூங்கா இன்றும் இருக்கிறது.

இன்றைய மனைப்பிரிவில் பூங்காவின் கதை வேறு. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால், சாலை போக மீதிப் பரப்பில் பத்து சதவீதத்தைப் பொது இடமாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்பது விதி. மூவாயிரத்திலிருந்து பத்தாயிரம் வரை என்றால் இடத்துக்குப் பதில் பணமாகவும் கட்டலாம். இடமாகக் கொடுப்பவர்களில் பலர் மூலையில் கிடக்கும் முக்கோணத்தையும், உயர் அழுத்த மின்கம்பியை ஒட்டிய பட்டையையும் தள்ளிவிடுகிறார்கள். ஊராட்சி வாங்கிக்கொள்கிறது, வேலி போடப் பணமில்லாமல் விட்டுவிடுகிறது. பத்து ஆண்டு கழித்து அங்கே யாரோ கடை கட்டியிருப்பார்கள்.

பொது இடத்தை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பதில் உச்ச நீதிமன்றம் உறுதியாகவே இருந்திருக்கிறது. பெங்களூரு ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில் பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தை, முதலமைச்சரின் உத்தரவின்பேரில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தார்கள். அந்தத் தெருக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். மருத்துவமனையும் மக்களுக்குத்தானே என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1991-இல் உச்ச நீதிமன்றம் குடியிருப்பவர்களின் பக்கம் தீர்ப்பளித்தது. திட்ட வரைபடத்தில் பூங்கா என்று குறித்ததைத் தனியாருக்காக மாற்றும் அதிகாரம் முதலமைச்சருக்கும் இல்லை. மனை வாங்கிய ஒவ்வொருவரும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய தீர்ப்பு இது.

உள்ளாட்சியிடம் அதிகாரத்தைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று பார்த்தோமே, பஞ்சாயத்து அப்ரூவல் மனைகளை மறந்துவிட்டீர்களா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். மறக்கவில்லை. அதிகாரமே இல்லாத ஊராட்சித் தலைவர்கள் போட்ட முத்திரையை நம்பி மாநிலம் முழுக்க மக்கள் மனை வாங்கினார்கள். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்ட பிறகுதான் பலருக்கும் விஷயமே உறைத்தது. 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. கட்டணம் கட்டி மனையைச் சரிசெய்துகொள்ளலாம் என்று ஆனது. காகிதத்தில் மனை சரியானது. அடைபட்ட வாய்க்கால் அடைபட்டபடியே கிடக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது இது: ஒரு தலைவரின் தனிக் கையெழுத்து ஆபத்து. ஊர் கூடிப் பேசி, தீர்மானப் புத்தகத்தில் எழுதும் முடிவு அப்படிப்பட்டதல்ல. தலைவரைத் தனியாகச் சரிக்கட்டலாம். வாய்க்காலை நம்பி நெல் வைத்த இருநூறு பேரைச் சரிக்கட்ட முடியாது.

அந்தத் தீர்மானத்துக்குத்தான் இன்று மதிப்பில்லை. பரந்தூர் விமான நிலையத்துக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கர் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, ஏகனாபுரம் மக்கள் 2022 முதல் கிராம சபையில் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டார்கள். திட்டம் தன் போக்கில் நடந்தது. 2023-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய நில ஒருங்கிணைப்புச் சட்டமோ, நூறு ஹெக்டேருக்குக் குறையாத சிறப்புத் திட்டங்களுக்குள் ஏரியும் ஓடையும் வந்தால் அவற்றையும் சேர்த்துக் கொடுக்க வழி செய்கிறது. அதை எதிர்த்து விவசாயிகள் இன்றுவரை பேசிக்கொண்டிருக்கிறார்கள். நானும் அவர்கள் பக்கம்தான்.

அரசிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு நிலத்தின் வகைப்பாட்டை மாற்றும் முன், அந்த விண்ணப்பம் வரைபடத்தோடு கிராம சபையில், நகரம் என்றால் பகுதி சபையில், வைக்கப்பட வேண்டும். வெறும் சர்வே எண்களாக அல்ல. ஏரி எங்கே, மதகு எங்கே, வாய்க்கால் எந்தப் பக்கம் போகிறது, மழை பெய்தால் தண்ணீர் எங்கே நிற்கும் என்று காட்டும் வரைபடமாக. அந்த ஏரியின் மொத்த ஆயக்கட்டையும் ஒன்றாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். சபை ஆட்சேபித்தால், அதைத் தள்ளுவதற்கான காரணத்தை அதிகாரி எழுத்தில் கொடுத்து, அடுத்த சபையில் வாசிக்க வேண்டும். சென்னையின் மூன்றாவது முழுமைத் திட்டத்துக்கான வேலைகள் நடக்கும்போதே இதை விதியாக்கிவிட முடியும்.

விதி வரும்வரை நாம் சும்மா இருக்கத் தேவையில்லை. உங்கள் ஊரின் கிராம வரைபடமும் புலப்படமும் இணையத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ கிடைக்கும். வாய்க்கால் எந்த எண்களில் ஓடுகிறது என்று பெரியவர் ஒருவரைக் கூட்டிப்போய் நடந்து பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். நாளிதழில் உங்கள் ஊர்ப் பெயரோடு அறிவிப்பு வந்தால் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்து, கெடு முடிவதற்குள் சேர்ந்ததற்கான ஒப்புகை கிடைக்கும்படி தபாலில் ஆட்சேபணை அனுப்புங்கள். நகலைக் கிராம சபையில் கொடுத்துத் தீர்மானப் புத்தகத்தில் ஏற்றச் சொல்லுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு முறை சபை கூடுகிறது. அடுத்த தேதிக்கு இப்போதே லீவு சொல்லி வையுங்கள்.