எனக்குக் கணக்கு வராது!

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். திருநின்றவூர் ரயில்வே ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு டீக்கடை. பள்ளிக்கூட சிநேகிதர்கள் நாலு பேர். ஒருத்தன் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறை வைத்திருக்கிறான். ஒருத்தனுக்கு ஆவடியில் அரசாங்க உத்தியோகம். இன்னொருத்தன் உள்ளூரில் மளிகைக் கடை. நாலாவது, பி.காம். படித்துவிட்டுப் பத்திரிகைக்கு வந்து சேர்ந்த அடியேன்.

நாற்பது வயதைத் தாண்டிய நாலு ஆண்கள் என்ன பேசுவார்கள்? டி.வி.தான். நாங்கள் கல்லூரியை விட்டு வெளியே வந்த 2000-ல் சன் டி.வி.யில் சரத்குமார் நடத்திய 'கோடீஸ்வரன்', அப்புறம் ரம்யா கிருஷ்ணனின் 'தங்க வேட்டை', 2012-ல் விஜய் டி.வி.யில் சூர்யா நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' என்று வரிசையாக வந்தது. சினிமா கேள்வி என்றால் நாங்கள் வீட்டிலிருந்தே கத்திய கதை. கணக்குக் கேள்வி என்றால் கப்சிப்!

அங்கிருந்து பேச்சு கணக்கு வாத்தியாருக்குத் தாவியது. பதினாறாம் வாய்ப்பாட்டில் திக்கினால் தொடையில் விழும் கிள்ளு. தொட்டியை ஒரு குழாய் நிரப்ப, இன்னொரு குழாய் காலி செய்யும் அந்தப் பைத்தியக்காரக் கணக்கு. மூன்று பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். சிரிப்புக்கு நடுவே லேத் பட்டறை சொன்னான்: "சத்தியமா சொல்றேன்டா, எனக்கு இன்னிக்கு வரைக்கும் கணக்கு வராது!"

இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்லியிருப்பீர்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பெருமை கூட வந்திருக்கும். யாராவது "எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது" என்று இப்படி மார்தட்டிப் பார்த்திருக்கிறீர்களா? கைநாட்டு வைப்பவர் கூடக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கட்டைவிரலை நீட்டுகிறார். கணக்கு வராது என்பதை மட்டும் நாம் ஒரு பட்டம் போலச் சூட்டிக்கொள்கிறோம்.

முதலில், அது பொய். அதே நண்பனிடம் "36 மில்லி ராடு ஒரு மீட்டர் என்ன எடை வரும்?" என்று கேட்டேன். டீயை வாயிலிருந்து எடுக்காமலே "எட்டு கிலோ" என்றான். விட்டத்தை அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வந்துவிடும். இரும்புக் கடைக்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த சூத்திரம். 36 பெருக்கல் 36 என்பது 1,296. வகுத்தால் எட்டு. இந்த ஆளுக்கா கணக்கு வராது? வந்ததை வராது என்று நம்ப வைத்தது ஒரு மரப்பலகை ஸ்கேல்.

இரண்டாவது, அது ஆபத்தான பொய். நம்முடைய அந்தச் சிரிப்பை முதலீடாகப் போட்டுச் சம்பாதிப்பதற்கென்று ஒரு கூட்டமே இருக்கிறது.

உதாரணம் சொல்கிறேன். 2007-ல் ஷாருக் கான் நடத்திய 'கோன் பனேகா குரோர்பதி' ஞாபகம் இருக்கிறதா? அதில் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஒரு தனிப் போட்டி. பெயர் 'ஹர் சீட் ஹாட் சீட்'. சுலபமான ஒரு கேள்வி. பதிலை எஸ்.எம்.எஸ். அனுப்பினால், சரியாகச் சொன்னவர்களில் குலுக்கல் முறையில் ஒருவருக்கு இரண்டு லட்சம். எஸ்.எம்.எஸ். ஒன்றுக்கு 2 ரூபாய் 40 காசு.

ரெண்டரை ரூபாய் கூட இல்லை, போனால் போகட்டும் என்று தோன்றுகிறது அல்லவா? விவகாரம் தேசிய நுகர்வோர் ஆணையத்துக்குப் போனது. அங்கே பேசப்பட்ட எண்கள் இவை: வந்த எஸ்.எம்.எஸ். 5 கோடியே 80 லட்சம். வசூல் 13 கோடியே 92 லட்சம். 52 எபிசோடுகளில் கொடுத்த பரிசு மொத்தம் 1 கோடியே 4 லட்சம்.

பரிசை எஸ்.எம்.எஸ். எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 18 காசு. 2 ரூபாய் 40 காசு கொடுத்து, சராசரியாக 18 காசு பெறுமானமுள்ள ஒரு சீட்டை நாம் வாங்கியிருக்கிறோம். மளிகைக் கடையில் ஐம்பது கிராம் எடை குறைந்தால் தெருவைக் கூட்டுகிற நாம்!

ஆணையம் 2008-ல் ஸ்டார் டி.வி.க்கும் ஏர்டெல்லுக்கும் ஒரு கோடி ரூபாய் அபராதம் போட்டது. 2019-ல் உச்ச நீதிமன்றம், முறையற்ற வணிகம் என்று சொல்ல ஆதாரம் போதாது என்று அதை ரத்து செய்துவிட்டது. சட்டப்படி யாரும் தப்பு செய்யவில்லை. சரி, ஏற்றுக்கொள்வோம். ஆனால் வகுத்தல் கணக்கை எந்தக் கோர்ட்டும் ரத்து செய்ய முடியாது. 18 காசு 18 காசுதான்.

மேடையேறி விளையாடியவர்களை நான் குறை சொல்லவில்லை. 2020-ல் கலர்ஸ் தமிழின் 'கோடீஸ்வரி'யில், காது கேளாத, பேச இயலாத ஒரு மதுரைப் பெண் ஒரு கோடி ஜெயித்தபோது நானும் கைதட்டினேன். என் சண்டை, வகுத்துப் பார்க்காமல் பட்டனை அமுக்குகிற நம் கட்டைவிரலோடுதான்.

இதே கட்டைவிரல்தான் பிறகு வேறு இடங்களில் கையெழுத்தும் போடுகிறது. 2022-ல் ஆருத்ரா விவகாரம் வெடித்தது. லட்சம் ரூபாய் கட்டினால் மாதம் 25 முதல் 30 ஆயிரம் என்று ஆசை காட்டி, சுமார் ஒரு லட்சம் பேரிடம் 2,438 கோடி வசூல் என்றது போலீஸ். மாதம் 30 சதவிகிதம் என்பதை வட்டிக்கு வட்டி போட்டுப் பாருங்கள். ஒரு லட்சம், ஒரே வருடத்தில் 23 லட்சத்தைத் தாண்டும். இரண்டாவது வருடக் கடைசியில் ஐந்து கோடிக்கு மேல்! இப்படி ஒரு தொழில் தெரிந்தவன், பேங்கில் மாதம் ஒன்றரை வட்டிக்குக் கடன் வாங்காமல் உங்கள் வீட்டு வாசலில் ஏன் சார் நிற்கப்போகிறான்?

டீக்கடையில் இதை நான் ஆவேசமாகச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் கவனித்தேன். மளிகைக் கடை நண்பன் ஆரம்பத்திலிருந்தே சிரிக்கவில்லை. கிளம்பும்போது தனியாக வந்து சொன்னான். தெரிந்தவர் ஒருவரிடம் அஞ்சு வட்டிக்கு மூன்று லட்சம் கொடுத்திருக்கிறான். பெண்ணின் காலேஜுக்கு வைத்திருந்த பணம். நாலு மாதம் வட்டி ஒழுங்காக வந்ததாம். அப்புறம் அந்த வீட்டில் பூட்டு. "அஞ்சு வட்டின்னா வருஷத்துக்கு அறுபதுன்னு அப்போ தோணலைடா. நமக்குத்தான் கணக்கு வராதே" என்றான். அதே வாக்கியம். இந்த முறை யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

குற்றவாளிக் கூண்டில் நான் பள்ளிக்கூடத்தையும் ஏற்றுவேன். பத்தாம் வகுப்பில் நிகழ்தகவு என்று ஒரு பாடமே இருக்கிறது. பையிலிருந்து சிவப்புப் பந்து, நீலப் பந்து எடுக்கிறோம், பகடை உருட்டுகிறோம், மார்க் வாங்குகிறோம். அந்தப் பையும் குலுக்கல் போட்டியும் ஒரே சமாச்சாரம் என்று எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடம் பி.காமில் ஐந்தொகை போட்ட எனக்கு, கடன் பத்திரத்தின் பொடி எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது என் முதல் பைக் லோன்தான்!

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டம் போட்டுத் தடுத்தது. நல்லது. ஆனால் சட்டம் ஒரு கதவைத்தான் மூடும். கணக்குப் பார்க்காதவன் வீட்டுக்கு எத்தனை கதவு!

திருநின்றவூர்க்காரர்களுக்குப் பூசலார் நாயனார் கதை தெரியும். கையில் காசில்லை. அஸ்திவாரம், விமானம், மதில், கிணறு, குளம் என்று ஒவ்வொன்றாக மனசுக்குள்ளேயே கட்டி முடித்து, கும்பாபிஷேகத்துக்கு நாளும் குறித்தார். அதே நாளில் காஞ்சியில் அரசன் கட்டிய கற்கோயிலுக்கும் கும்பாபிஷேகம். சிவபெருமான் வந்தது பூசலார் கோயிலுக்குத்தான் என்கிறது பெரிய புராணம். ஒரு முழுக் கோயிலை மனசிலேயே அளந்து கட்டிய ஊரில் உட்கார்ந்துகொண்டு, அஞ்சைப் பன்னிரண்டால் பெருக்க மறந்துபோனோம்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். ஒரு லட்சம் கடன், "வட்டி பத்தே பர்சென்ட்தான் சார்" என்கிறார்கள். 1,10,000-ஐப் பன்னிரண்டு தவணையாகக் கட்ட வேண்டும். மாதாமாதம் அசலையும் திருப்பிக்கொண்டே வருகிறீர்கள். அப்படியானால் முழு லட்சமும் உங்கள் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும்தான். உண்மையான வட்டி ஏறத்தாழ 18 சதவிகிதம்.

இன்று ராத்திரி சீரியல் இடைவேளையில், பத்தாவது படிக்கும் உங்கள் பிள்ளையோடு உட்கார்ந்து இதைப் போட்டுப் பாருங்கள். தப்பாகப் போட்டாலும் பரவாயில்லை. தயவுசெய்து அந்தக் குழந்தையின் முன்னால், "எனக்கும் கணக்கு வராதுப்பா" என்று மட்டும் சிரிக்காதீர்கள்.