நடையும் வாசலும்

புகைவண்டியும் பேருந்தும் ஓடும் காலத்தில் கால்நடையாகப் பண்டரிபுரம் செல்வது பேதைமை என்போர் புனே வாழ் தமிழராகிய நம்மிடையே உளர். வாரியில் சாதி இல்லை, அதுவே சமத்துவம் என்று புகழ்ந்துவிட்டு வீடு திரும்புவோர் அவரினும் பலர். முன்னவர் வாரியை அறியாதவர்; பின்னவர் அறிந்தும் அதன்படி நிற்க மனமில்லாதவர். இருசாரார் கூற்றும் மறுக்கத்தக்கதே.

ஆளந்தியிலிருந்து ஞானேசுவரரின் பாதுகைகளும், தேகுவிலிருந்து துக்காராமரின் பாதுகைகளும் பல்லக்கேறிப் புறப்படுகின்றன. இரண்டும் புனேயில் தங்கி, பின்னர் வெவ்வேறு வழியே சென்று, ஆஷாட மாத வளர்பிறை ஏகாதசிக்குப் பண்டரிபுரத்தை அடைகின்றன. ஏறத்தாழ 250 கிலோமீட்டர். மூன்று வாரத்தை ஒட்டிய நடை. தவறாது மீண்டும் மீண்டும் செல்பவரே வாரகரி. பிள்ளை வேண்டும், வேலை வேண்டும் என்று விட்டலனிடம் பேரம் பேச அவர் நடப்பதில்லை. நடையே அவருக்கு வழிபாடு. விடுப்புப் பயணச் சலுகையில் ஐந்து நாளில் ஒன்பது தலம் பார்த்துத் திரும்பும் நாம், அவர் காலத்தை வீணாக்குகிறார் என்பது நகைப்புக்குரியது. தைப்பூசத்திற்குச் செட்டிநாட்டிலிருந்து பழனிக்கு நடந்து செல்லும் நகரத்தாரை அறிந்த தமிழர்க்கு இவ்வையம் எழவே கூடாது.

இனி, இரண்டாம் சாரார். நாமதேவர் தையற்காரர்; கோரா குயவர்; சேனா நாவிதர்; சனாபாய் பணிப்பெண். இவர்கள் எல்லாரும் வாரகரிகள் போற்றும் அடியார்கள். உண்மையே. ஆனால் மகார் குலத்துச் சோகாமேளரின் சமாதி எங்கே உள்ளது? பண்டரிபுரம் கோயிலின் வாசலுக்கு வெளியே! அவர் மறைந்தது 14-ஆம் நூற்றாண்டில். அவர் குலத்தாருக்கு அக்கோயில் திறந்ததோ 1947-இல் சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பிறகே. அறுநூறு ஆண்டுகள் அவர் அபங்கங்களைப் பாடினார்கள்; கதவைத் திறக்கவில்லை. வாரியில் தாமே நடந்து சென்ற அறிஞர் இராவதி கார்வே, வழியில் சேர்ந்து நடந்தவர்கள் உணவு வேளையில் சாதிவாரியாகப் பிரிந்ததைக் கண்டு வருந்தி எழுதினார். அக்கட்டுரை 1962-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. எனவே, நடந்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடாது.

இது மராட்டியர் குறை என்று நாம் ஒதுங்கவும் இயலாது. நந்தனாரைத் தீயில் மூழ்கி எழச் செய்த பின்னரே தில்லைக்குள் விட்ட கதை நம்முடையது. வைத்தியநாத ஐயர் தாழ்த்தப்பட்டோரை மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துச் சென்றது 1939 சூலை 8-ஆம் நாள்தான்.

இன்று நாம் செய்வது என்ன? பல்லக்கு வரும் நாளில் வாழைப்பழமும் தண்ணீரும் தந்து, குலம் கேளாமல் வாரகரியின் காலைத் தொட்டு வணங்குகிறோம். மறுவாரம் காலி அறைக்குக் குடிவர ஒருவர் வந்தால், "எந்த ஊர்? நீங்கள் என்ன ஆட்கள்?" என்று வாசலிலேயே வினவுகிறோம். சங்கப் பந்தியில் அருகமர்ந்து உண்டவரின் மகன், நம் மகளுக்கு வரனாக வந்தால் மட்டும் அயலானாகிவிடுகிறான்.

பக்தி வேறு, குடும்பம் வேறு என்பர். வாரியைப் பொறுத்தவரை இவ்வாதம் நில்லாது. அது துறவிகளின் நெறியன்று, இல்லறத்தாரின் நெறி. துக்காராமர் மனைவி மக்களோடு வாழ்ந்தவர், கடை நடத்தியவர். சாலையில் கற்றதை வீட்டிற்குக் கொண்டுவருவதற்காகவே வாரகரி வீடு திரும்புகிறார்.

ஆகவே, இயன்றவர் ஒரு நாளேனும் நடப்போம். இயலாதவர் நீர் வார்ப்போம். ஆனால் வாசலில் கேட்கும் அந்தக் கேள்வியை விட்டொழிப்போம். நம் பிள்ளைகள் விட்டலன் பெயரை நம்மிடம் கேட்பது போலவே, அந்தக் கேள்வியையும் கேட்டுக்கொண்டுதான் வளர்கிறார்கள்.