கதை சொன்னால் போதுமா? கேள்வியும் கேளுங்கள்!

"எங்கள் பிள்ளை நன்றாகப் படிக்கிறான்" என்று பெற்றோர் மகிழ்கிறார்கள். பாடத்தைக் கடகடவென்று ஒப்பிக்கிறான். ஓர் எழுத்துகூடத் தவறவில்லை. ஆனால், "கதையில் என்ன நடந்தது?" என்று கேட்டால் திருதிருவென்று விழிக்கிறான்.

இது படிப்பு ஆகுமா? ஆகாது. வாய் படித்தது; மனம் படிக்கவில்லை.

தமிழக அரசு 2022-ம் ஆண்டில் "எண்ணும் எழுத்தும்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. எட்டு வயதுக்குள் எல்லாக் குழந்தைகளும் பொருள் புரிந்து படிக்க வேண்டும், அடிப்படைக் கணக்கும் போட வேண்டும் என்பது அதன் நோக்கம். நல்ல நோக்கம். ஆனால், பள்ளிக்கூடம் மட்டும் பாடுபட்டால் போதாது. வீட்டுத் திண்ணையும் துணை நிற்க வேண்டும். அதற்குச் சுலபமான வழி, கதை!

ஐந்து கேள்விகள்

சின்னக் கதையோ, பெரிய கதையோ, ஐந்து கேள்விகளில் அடங்கும். யார்? எங்கே? எப்போது? என்ன தொல்லை வந்தது? அது எப்படித் தீர்ந்தது?

தஞ்சைச் சீமைக்குத் தெரிந்த மனுநீதிச் சோழன் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவாரூர்க் கோவிலுக்குப் பக்கத்தில் அந்தக் கதையைக் காட்டும் கல்தேர் இன்றும் நிற்கிறது. அப்பாயி கதையைச் சொல்லி முடித்துவிட்டு, பேரனிடம் மெல்லக் கேட்கலாம்.

"கதையிலே யார் யாரு வந்தாங்க, தம்பி?"

"ராசா, அவரு மகன், பசு, கன்னுக்குட்டி."

"எந்த ஊரிலே?"

"திருவாரூரிலே."

"எப்போ?"

"சோழ ராசா காலத்திலே."

"என்ன தொல்லை வந்துச்சு?"

"ராசா மகன் தேரிலே கன்னுக்குட்டி அடிபட்டுச் செத்துப்போச்சு. பசு வந்து மணி அடிச்சுது."

முடிவு என்ன? மன்னன் தன் ஒரே மகனையும் தேர்க்காலில் இட்டான். பிறகு இறைவன் அருளால் கன்றும் மகனும் உயிர் பெற்றதாகப் பெரியபுராணம் கூறுகிறது.

இதோடு நிறுத்த வேண்டாம். "மகன் வேணும்னா கொன்னான்? ராசா செஞ்சது சரியா?" என்றும் கேளுங்கள். குழந்தை "தப்பு" என்று சொன்னாலும் அதட்டாதீர்கள். "ஏன்?" என்று கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்த குழந்தைதான் கதையைப் புரிந்துகொண்ட குழந்தை. நீதியை நீங்களே முதலில் சொல்லிவிட்டால், குழந்தை யோசிப்பதை நிறுத்திவிடும்.

தமிழுக்குப் புதிதல்ல

இது வெளிநாட்டுச் சரக்கு என்று எண்ண வேண்டாம். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் சொல்லியிருக்கிறது. அந்த நிலத்தில் வாழும் மக்கள், விலங்கு, பறவை முதலியவை கருப்பொருள். மக்களின் உள்ளத்தில் எழும் உணர்ச்சியே உரிப்பொருள். பாட்டுக்குச் சொன்ன இந்த இலக்கணம் பாட்டி கதைக்கும் பொருந்துகிறது.

காவிரிக்கரைக் குழந்தைக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. வயலும் வாய்க்காலும் சூழ்ந்த மருத நிலம் அவன் கண்ணெதிரே இருக்கிறது. குறுவை எப்போது, சம்பா எப்போது என்று அவனுக்குத் தெரியும். இடமும் காலமும் மாறினால் கதையே மாறும் என்பதையும் அவன் எளிதில் அறிவான்.

இன்பம் கெடுமா?

"கேள்வி கேட்டால் கதையின் இன்பம் போய்விடாதா?" என்று சிலர் கேட்கலாம். அளவு மீறினால் போகத்தான் செய்யும். ஆகையால், நடுக்கதையில் நிறுத்திக் கேள்வி கேட்காதீர்கள். முழுக் கதையையும் சொல்லுங்கள். குழந்தை சிரிக்கட்டும், அழட்டும். பிறகு இரண்டு கேள்வி போதும். மற்றவை நாளைக்கு. பரீட்சைபோல மிரட்டினால், மறுநாள் குழந்தை கதை கேட்கவே வராது.

வாழ்க்கைக்கும் உதவும்

இது பொழுதுபோக்கு மட்டுமல்ல. 2018 நவம்பரில் கஜா புயல் வந்தது. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகள் சாய்ந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் நிவாரணம் கேட்டு எழுதும் மனுவில் என்ன இருக்க வேண்டும்? யாருடைய தோப்பு? எந்த ஊர்? என்றைக்கு விழுந்தது? எத்தனை மரம்? என்ன உதவி தேவை? ஏறக்குறைய அதே ஐந்து கேள்விகள்தாம்!

தன் குறையைக் கோவையாகச் சொல்லத் தெரியாதவன், இன்னொருவன் எழுதிய தாளில் கைநாட்டு வைக்கிறான். அதில் என்ன இருக்கிறது என்றுகூட அவனுக்குத் தெரியாது. அடுத்த தலைமுறைக்கு அந்த நிலை வேண்டாம்.

கதை சொல்லப் பெரிய படிப்பு தேவையில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கும் தாயும் கேட்கலாம்; படிக்காத பாட்டியும் கேட்கலாம். பெற்றோர்களே! இன்று இரவு சாப்பாடு முடிந்ததும் கைப்பேசியை ஒதுக்கி வையுங்கள். ஒரு கதை சொல்லுங்கள். பிறகு, "என்ன தொல்லை வந்துச்சு, எப்படித் தீர்ந்துச்சு?" என்று கேட்டுவிட்டு, குழந்தை பேசுவதைப் பொறுமையாகக் கேளுங்கள்.