உச்சியை நோக்கி ஒரு நாள்



சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் சென்ற மாதம் குழந்தைகளுக்கு மலைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. "நீங்கள் ஏறிய மலை எது?" என்று ஆசிரியை கேட்டார். பத்துப் பிள்ளைகளில் ஏழு பேர் "சயனைடு மேடு" என்று விடை பகர்ந்தனர். கேட்ட நமக்குச் சிரிப்பும் வந்தது. சிரித்து முடித்தபின் வருத்தமும் வந்தது. நம் முன்னோர் பூமியைக் குடைந்து, பொன்னைப் பிரித்தெடுத்து, எஞ்சிய மண்ணைக் கொட்டிய குவியலே நம் பிள்ளைகளுக்கு மலையாகி விட்டது. 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் பாரத தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அதற்குப் பின்பு பிறந்த இக்குழந்தைகளின் தந்தையர் விடியுமுன் இரயிலேறிப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் வீடு திரும்புகின்றனர். தந்தையும் மகனும் சேர்ந்து ஒரு பொழுதைக் கழிப்பதே அரிதாகி விட்டது.

ஆகவே, வரும் தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு மலையேறச் செல்வதெனச் சங்கத்தில் முடிவு செய்யப்பட்டது. ஏற்பாட்டுப் பொறுப்பு நம் தலையில் விழுந்தது. நேயர்கள் முன்கூட்டியே அறிய வேண்டியவற்றை இத்திங்கள் இப்பகுதியில் எழுதுகின்றோம்.

முதலில் நம் குற்றத்தை நாமே ஒப்புக்கொண்டு விடுகின்றோம். சென்ற ஆண்டு கோலாருக்கு அருகிலுள்ள அந்தரகங்கைக்கு அழைத்துச் சென்றவரும் நாமே. சாப்பாடு தயாராகட்டும் என்று காத்திருந்து, பதினொரு மணிக்கு மேல் பாறைகளில் ஏறத் தொடங்கினோம். தண்ணீர் பாதி வழியிலேயே தீர்ந்தது. ஒரு சிறுவன் மயங்கி விழுந்தான். குகைகளைக் காணச் சென்ற இரு இளைஞர்கள் பொழுது சாயும் வரை திரும்பவில்லை. எத்தனை பேர் ஏறினர் என்ற கணக்கே நம்மிடம் இல்லாததால், அவர்கள் காணாமற்போனதையும் நாம் தாமதமாகவே உணர்ந்தோம். இறையருளால் அனைவரும் நலமாக வீடு சேர்ந்தனர். எனினும், இறையருளை நம்பித் திட்டமிடாதிருப்பது பொறுப்புள்ளோர் செயலாகாது.

இம்முறை நாம் தேர்ந்தது ஏலகிரி. நம்மில் பலரின் பூர்வீகம் வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர்ப் பக்கமாகையால் இம்மலை நமக்கு அயலன்று. போக்குவரத்தும் எளிது. மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களில் அவரவர் ஏறிப் பங்காருப்பேட்டையில் வண்டி மாற வேண்டும். குப்பம், பச்சூர் வழியாகச் சென்றால் சோலையார்பேட்டை. கர்நாடகம், ஆந்திரம், தமிழகம் என மூன்று மாநிலங்கள் ஒரு காலைப் பொழுதில் கடந்து விடும். பெங்களூரையும் சோலையார்பேட்டையையும் இணைக்கும் இப்பாதை 1864இல் திறக்கப்பட்டது. பங்காருப்பேட்டையிலிருந்து தங்கவயலுக்கு வரும் கிளைப்பாதை 1894இல் வந்தது. நம் பாட்டனார் இவ்வழியேதான் மூட்டை முடிச்சுகளோடு இங்கு வந்து சேர்ந்தனர்.

பீடபூமியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் இரயில், சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள சோலையார்பேட்டையில் நம்மை விடும். அங்கிருந்து பொன்னேரி வழியாகப் பேருந்தில் பதினான்கு கொண்டையூசி வளைவுகளைக் கடந்து, ஆயிரம் மீட்டருக்கு மேலுள்ள ஏலகிரி மேல்நிலத்தை அடையலாம். அவ்வளைவுகளுக்குத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களும் கடையெழு வள்ளல்களின் பெயர்களும் சூட்டப்பட்டுள்ளன. பிள்ளைகள் ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வரலாம்; தமிழ்ப் பாடமும் ஆகும், தலைசுற்றலும் தெரியாது. மேல்நிலத்திலுள்ள மங்கலம் சிற்றூரிலிருந்து சுவாமிமலை உச்சிக்குக் காட்டுவழி செல்கின்றது. உச்சியின் உயரம் சுமார் 1,300 மீட்டர். அங்கே சிறியதொரு சிவாலயமும் உண்டு.

"இவ்வளவுதானா? இதற்கு ஒரு திட்டமா?" என்று இளைஞர் சிலர் கேட்டனர். அவர்களுக்கு அயல்நாட்டு எடுத்துக்காட்டு ஒன்று கூறினோம். பிரிட்டனில் வேல்சு நாட்டின் மிக உயர்ந்த சிகரம் ஸ்னோடன். அந்நாட்டு மொழியில் அதன் பெயர் 'எர் விட்வா'. உயரம் 1,085 மீட்டர்தான். நம் சுவாமிமலையைவிடக் குறைவு. 1896 முதல் பற்சக்கர இரயிலும் அதன் உச்சிக்கு ஓடுகின்றது. 1953இல் எவரெஸ்டு சென்ற பிரிட்டிஷ் குழுவினர் அம்மலைப் பகுதியில்தான் பயிற்சி செய்தனர். ஆயினும் அங்கே வழிதவறி இன்னலுறுவோரும் வீழ்ந்து மடிவோரும் உண்டு. ஊதியம் பெறாத தொண்டர்களே அவர்களைத் தேடிச் சென்று மீட்கின்றனர். மூடுபனியும் காற்றும் மழையும் அங்கே பகை. வெயிலும் தாகமும் இங்கே பகை. மலையின் உயரம் மட்டும் ஆபத்தை அளக்கும் கோலன்று. ஏறுவோர் என்ன ஆயத்தத்தோடு வந்துள்ளனர் என்பதே முதன்மையானது.

நேரத்தைக் கணக்கிட ஒரு பழைய விதி உண்டு. 1892இல் நெய்ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் வகுத்தது அது. மூன்று மைலுக்கு ஒரு மணி. அதனோடு ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. ஒரு வழி மூன்று கிலோமீட்டர், ஏற்றம் 300 மீட்டர் என்று கொள்வோமாயின், திடமானவர்க்குச் சற்றேறக்குறைய ஒரு மணி ஐந்து நிமிடம் ஆகும். ஆனால் அவ்விதி நடந்து பழகியோர்க்கு உரியது. சிறுவரும் தாய்மாரும் வரும் நம் கூட்டத்துக்கு அதை இரட்டிப்பாக்கி, ஓய்வுக்கு அரை மணியும் சேர்த்தால் மூன்று மணி நேரத்தை நெருங்கும். ஒன்பது மணிக்குள் ஏறத் தொடங்க வேண்டும். நண்பகல் பன்னிரண்டு அடித்ததும், உச்சி கண்ணெதிரே இருப்பினும், திரும்பிவிட வேண்டும். இவ்விதிக்கு விலக்கில்லை.

இனி, நம்மைச் சங்கடத்தில் ஆழ்த்திய செய்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். பெயர் கொடுக்க முதலில் வந்தவர், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர். அவருடைய தந்தையார் ஏலகிரியின் அடிவாரத்திலிருந்து இங்கு வந்தவர். உச்சியில் நின்று அந்த ஊரை ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது பெரியவரின் நெடுநாள் ஆசை. ஆனால் கல்தூசு அவருடைய மார்பில் தங்கிவிட்டது. அந்நுண்துகள் நுரையீரலில் வடுவாகி இறுகிவிட்டால், அதை நீக்கும் மருந்து இல்லை. தெருக்கோடி வரை நடந்தாலே நின்று மூச்சு வாங்குகின்றார். சமதரையில் மெல்ல நடக்கலாம், ஏற்றம் கூடாது என்பது மருத்துவர் சொல்.

நாம் தயங்கித் தயங்கி அவரிடம் மறுத்துரைத்தோம். அவர் முகம் சிவந்தது.

"தம்பி, பூமிக்குள்ளே பத்தாயிரம் அடி இறங்கினவன் நான். பாறை நெருப்பாய்க் கொதிக்கும் இடத்தில் வேலை செய்தவன். ஆயிரம் அடி ஏற எனக்கு வலு இல்லை என்கிறாயா?"

நமக்கு வாயெழவில்லை. மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழம் அது. எர் விட்வா போன்ற மூன்று மலைகளை அடுக்கினால் ஏறத்தாழ நிரம்பும் பள்ளம். அங்கே இறங்கி ஏறியவரிடம், மேசையருகே அமர்ந்து பயணச்சீட்டுக் கணக்குப் பார்க்கும் நாம் வலிமையைப் பற்றி என்ன பேச முடியும்? "பெரியப்பா, உங்கள் வலுவை நான் குறைத்துச் சொல்லவில்லை. உங்கள் மூச்சைப் பற்றித்தான் அச்சப்படுகிறேன்" என்று மட்டும் சொல்லித் திரும்பினோம்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. அவருக்கு இசைந்தால் உயிருக்குத் தீங்கு. மறுத்தால் மனத்துக்குத் தீங்கு. மறுநாள் அவரே நம் வீடு தேடி வந்தார். அந்தரகங்கையில் நடந்ததை அவருடைய பேரன் சொல்லியிருக்கின்றான். மயங்கி விழுந்த சிறுவன் அவனே. "இறங்கினவன் எத்தனை, ஏறினவன் எத்தனை என்று பார்க்காமல் நாங்கள் கூண்டை விட்டு நகர்ந்ததில்லை. நீங்கள் தலை எண்ணாமலா பிள்ளைகளை மலைக்குக் கூட்டிப்போனீர்கள்?" என்று கேட்டார். நாம் தலைகுனிந்தோம். சிறிது நேரம் கழித்து, "அந்தக் கணக்கை நான் பார்க்கிறேன்" என்றார்.

அதன்படி முடிவாயிற்று. பெரியவர் பேருந்தில் மேல்நிலம் வரை வருவார். வழியில் காட்சிமுனையில் நிறுத்தி, சமவெளியை அவர் வேண்டுமட்டும் பார்க்க ஏற்பாடு செய்துள்ளோம். மங்கலத்தில் அவர் கையில் பெயர்ப் பட்டியல் இருக்கும். அவரிடம் பெயர் சொல்லாமல் எவரும் ஏறலாகாது; திரும்பியதும் சொல்லாமல் எவரும் உண்ணலாகாது. ஏற இயலாத மற்ற முதியோர் புங்கனூர் ஏரிக்கரையில் இளைப்பாறலாம். உச்சியைக் காணாத குறை பெரியவருக்கு முற்றும் நீங்கிற்று என்று நாம் கூறமாட்டோம். "பேரன் பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்" என்றபோது அவர் குரல் தாழ்ந்தே இருந்தது.

வருவோர் கவனத்துக்குச் சில சொற்கள். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் அவரவரே சுமக்க வேண்டும். ரப்பர்ச் செருப்பு உதவாது. பிடிப்புள்ள காலணி வேண்டும். புளியோதரையோ எலுமிச்சைச் சோறோ போதும். காட்டில் அடுப்பு மூட்டக் கூடாது. வனத்துறையினரிடம் கேட்டறிந்த பின்னரே காட்டுவழியில் கால் வைப்போம். கைப்பேசியை நம்பிப் பிரிந்து செல்ல வேண்டாம். எல்லா இடத்திலும் தொடர்பு கிடைக்காது. இதயநோய், மூச்சு நோய் உள்ளோர் மறைக்காமல் முன்னரே தெரிவிக்க வேண்டும். மறைப்பது வீரமாகாது.

பொங்கலுக்கு முன்னர்ச் சங்கத்தில் பெயர் கொடுங்கள். தந்தையர் அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையையேனும் பிள்ளைகளுக்கென ஒதுக்குங்கள். அடுத்த முறை ஆசிரியை கேட்கும்போது, நம் பிள்ளைகள் உண்மையான மலை ஒன்றின் பெயரைச் சொல்லட்டும்.