சுவருக்கு எதை உடுத்துவது?

சென்ற ஐப்பசி மழை ஓய்ந்ததும், நம் பங்கைச் சேர்ந்த இல்லமொன்றிற்கு நோயாளிக்கு நற்கருணை கொண்டு சென்றிருந்தோம். மூதாட்டியின் கட்டில் வடபுறச் சுவரை ஒட்டிக் கிடந்தது. அச்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறி, பூச்சுப் பொரிந்து, வெள்ளை உப்புப் பூத்திருந்தது. மூலையில் கரும்பச்சைப் பூசணம். மூதாட்டி இடைவிடாது இருமினார். விடைபெறும் வேளையில் இல்லத்தலைவி நம்மை வாசலில் நிறுத்தினார். "சாமி, தை மாதம் பிள்ளையைப் பார்க்க வருகிறார்கள். இந்தச் சுவரைக் கண்டால் என்ன நினைப்பார்கள்? பளிங்குபோலவே பி.வி.சி. பலகை கிடைக்கிறதாம். குழுவில் 20,000 ரூபாய் கடன் கேட்டிருக்கிறேன். அடித்துவிடலாமா?" என்றார்.

குருமடத்தில் தத்துவமும் இறையியலும் கற்பித்தார்களேயன்றிச் சுவரைப்பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆயினும் இது குருக்களின் வேலைதான் என்று லேவியர் நூல் 14ஆம் அதிகாரம் கூறுகிறது! வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழிந்த தழும்பு கண்டால் குருவை அழைக்க வேண்டும். அவர் ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைத்து, மீண்டும் வந்து நோக்குவார். தழும்பு பரவியிருந்தால் அக்கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும். மூடி மறைத்துவிடு என்று அங்கே எங்கும் சொல்லப்படவில்லை.

நாமோ அவ்வாறு மறைத்துப் பார்த்தவர்களே. சில ஆண்டுகளுக்கு முன், பங்கு இல்லத்தின் ஈரச் சுவரில் விலையுயர்ந்த பிளாஸ்டிக் எமல்ஷன் பூசினோம். ஒரே மழைக்காலத்தில் அது அப்பளம்போல் உப்பி உதிர்ந்தது. பங்கு மக்களின் பணம் அல்லவா, இன்றும் நினைத்தால் வெட்கமாயிருக்கிறது.

காரணம் எளியது. செங்கல்லும் காரையும் நிலத்து நீரை, விளக்குத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல் மேலே இழுக்கின்றன. அந்நீர் மேற்பரப்பில் உலரும்போது, கரைந்து வந்த உப்பு அங்கேயே தங்குகிறது. காற்றுப் புகாத எதைக்கொண்டு மூடினும் நீர் உலர வழியின்றி இன்னும் மேலேறும். பலகைக்குப் பின்னே பூசணம் மறைவாகச் செழிக்கும். பி.வி.சி. பலகை கழுவ எளியது, கரையானுக்கும் அஞ்சாது. ஆயினும் தீப்பற்றினால் தொண்டையை அரிக்கும் நச்சுப்புகையை உமிழும். அடுப்பங்கரைக்கு அது ஆகாது. அங்கே இடுப்பளவு ஓடு பதிப்பதே நன்று.

சுவரில் ஒட்டும் வண்ணத்தாளின் வரலாறோ அச்சமூட்டுவது. 1775இல் சுவீடன் நாட்டு வேதியியலார் ஷீலே, ஆர்செனிக் கலந்த அழகியதொரு பச்சை வண்ணத்தைக் கண்டறிந்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பிய இல்லங்களின் சுவர்த்தாள்களில் அவ்வகைப் பச்சைகள் பரவின. ஈரச் சுவரில் ஒட்டிய தாளின் பசையில் வளரும் பூசணம், அந்த ஆர்செனிக்கைப் பூண்டு மணமுள்ள நச்சுவாயுவாக மாற்றவல்லது என்று 1890களில் இத்தாலிய மருத்துவர் கோசியோ காட்டினார். இன்றைய தாள்களில் அந்நஞ்சு இல்லை. ஆனால் ஈரமும் பசையும் பூசணமும் அவ்வண்ணமே இருக்கின்றன. நம் நாட்டில் இராமபாணப் பூச்சியும் கரையானும் விருந்துக்கு வந்து சேரும்.

ஆகவே எதை உடுத்துமுன்னும் ஈரம் எங்கிருந்து வருகிறதென்று அறிக. ஒரு முழச் சதுரமான பாலித்தீன் தாளை நான்கு ஓரமும் இடைவெளியின்றிச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் விடுக. தாளின் உட்புறம் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவரிலிருந்து வருவது. வெளிப்புறம் கோத்தால் அறைக்காற்றிலிருந்து வருவது, சன்னலைத் திறந்தால் பெரும்பாலும் தீரும்.

பழைய வீட்டுச் சுவருக்கு நாம் முதலில் பரிந்துரைப்பது சுண்ணாம்பே. கிளிஞ்சலையோ சுண்ணாம்புக் கல்லையோ சுட்டு, நீற்றி, சுவரில் பூசினால் அது காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்று மீண்டும் கல்லாகிறது. சுவரின் ஈரம் அதனூடே வெளியேறும். அதன் காரம் பூசணத்தை எளிதில் அண்டவிடாது. செட்டிநாட்டு மாளிகைகளில் முட்டை வெண்கருவும் கடுக்காயும் சேர்த்து இழைத்த சுண்ணாம்புப் பூச்சு இன்றும் கண்ணாடிபோல் மின்னுவதைக் கண்டிருப்பீர்கள். சாய்ந்தால் சட்டையில் ஒட்டுமே என்பீர்கள். எளிய வெள்ளையடிப்பில் அக்குறை உண்டுதான். ஆண்டுதோறும் பூசவும் வேண்டும்.

அழகு வேண்டுவோர் கோரைப்பாயையோ கைத்தறித் துணியையோ கம்பியில் கோத்து, சுவருக்கும் அதற்கும் நான்கு விரல் இடைவெளி விட்டுத் தொங்கவிடலாம். பத்தமடைப் பாய் எந்தப் பளிங்குப் பலகைக்கும் குறைந்ததன்று. வேண்டும்போது கழற்றி வெயிலில் உலர்த்தலாம்.

பழைய பெயிண்ட்டைச் சுரண்டுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்கிற்கு மேல் இருத்தலாகாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பூச்சை நனைத்தே சுரண்டுக, குழந்தைகளை அப்புறப்படுத்துக.

அந்த இல்லத்திற்கு மறுவாரம் ஒரு கொத்தனாருடன் சென்றோம். வடபுறச் சுவருக்கு வெளியே முருங்கைமரத்தடியில் துணி துவைக்கும் கல். அந்நீர் முழுவதும் சுவரடியிலேயே தேங்கியது. போதாக்குறைக்கு, தரைமட்டத்திற்கும் மேலாக மண் குவிந்திருந்தது. கணவரும் மகனும் இரண்டு நாளில் மண்ணை வெட்டியெடுத்து, நீர் ஓடக் கால்வாய் அமைத்தனர். கல்லை வேலியோரம் நகர்த்தினர். பாட்டியின் கட்டில் தென்புறம் போயிற்று. பொரிந்த பூச்சைப் பெயர்த்து, செங்கல் தெரியச் சுவரைத் திறந்து விட்டிருக்கிறார்கள். உலர இன்னும் சில மாதமாகும் என்கிறார் கொத்தனார்.

இல்லத்தலைவிக்கு நம்மீது சற்று வருத்தம்தான். கடனை வேண்டாமென்று சொல்லிவிட்டார்; ஆனால் மாப்பிள்ளை வீட்டார் தை பத்தாம் நாள் வருகிறார்கள். அதுவரை மறைக்கப் பங்கு இல்லத்திலிருந்து நீளமான பாய் ஒன்றைக் கேட்டிருக்கிறார், கொடுத்தனுப்பியிருக்கிறோம்.