டேப்லட் வாங்கப் போகிறீர்களா?

2020-இல் பள்ளிகளை மூடி, பிள்ளைகளை வீட்டிலிருந்தே படிக்கச் சொன்ன காலத்தை மறந்திருக்க மாட்டீர்கள், தாய்மார்களே. ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள் மல்லுக்கு நின்ற வீடுகள் எத்தனை! போனஸ் பணம் வந்தால் ஒரு டேப்லட் வாங்கிவிடலாம் என்ற எண்ணம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது.

கடைக்காரர் முதலில் திரையின் பளபளப்பைக் காட்டுவார். பிறகு 64 ஜிபி, 128 ஜிபி என்று விலையை ஏற்றுவார். அப்போது நீங்கள் ஒரு கேள்வி கேளுங்கள்: "தம்பி, இதில் மெமரி கார்டு போடலாமா?"

மைக்ரோ எஸ்டி என்னும் அந்தக் கார்டு விரல் நகத்தளவுதான். சாம்சுங் கேலக்ஸி டேப் ஏ வகைகளில் அதைச் செருக இடம் உண்டு. ஐபேட் 2010-இல் வெளிவந்தது. அன்று முதல் இன்றுவரை அதில் அந்த இடமே கிடையாது. ஆகவே ஐபேட் வாங்குகிறவர் நாலு வருடத் தேவைக்கும் சேர்த்து முதல் நாளே பணம் கட்ட வேண்டும். கார்டு போடக்கூடியதை வாங்குகிறவர், இடம் போதாதபோது கார்டை வாங்கிக்கொள்ளலாம். மாதச் சம்பளக்காரருக்கு இது சின்ன விஷயமா?

"எல்லாவற்றையும் கிளவுட்டில் வைக்கலாமே" என்பார்கள் பட்டணத்துக்காரர்கள். செம்பனைக் காட்டுக்குள் குசினி வாசலில் நின்றால்தான் ஒரு கோடு லைன் வரும் என்பது அவர்களுக்கு எங்கே தெரியப் போகிறது! டவுனுக்குப் போகும்போது பாடக் காணொளிகளை இறக்கிக் கார்டில் வைத்துக்கொண்டால், லைன் இல்லாத இரவிலும் பிள்ளை படிக்கும்.

ஆனால், கார்டு இருக்கிறதே என்று 32 ஜிபி டேப்லட்டை வாங்கிவிடாதீர்கள். அதில் பெரும் பங்கை டேப்லட்டின் சொந்த மென்பொருளே பிடித்துக்கொள்ளும். செயலிகளோ பெரும்பாலான டேப்லட்டுகளில் உள் நினைவகத்தில்தான் இருக்கும், கார்டுக்குப் போகாது. கார்டு காலியாகக் கிடக்கும்போதே "இடமில்லை" என்று திரை சொல்லும். என்னைக் கேட்டால், 64 ஜிபிக்குக் குறைந்து வாங்க வேண்டாம்.

இன்னொன்று, போலிக் கார்டு. பசார் மாலாமிலோ இணையக் கடையிலோ இருபது வெள்ளிக்கு 1 டிபி கிடைத்தால் சந்தேகப்படுங்கள். உள்ளே இருப்பது 8 ஜிபியோ 16 ஜிபியோ. பொய்க் கணக்குச் சொல்லும்படி சில்லை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் நிரம்பியதும் பதிவுகள் சத்தமில்லாமல் அழியும். மகளின் கல்யாணப் படத்தைத் திறந்து பார்க்கும் அன்றுதான் அது தெரியவரும். வாங்கிய கையோடு, கணினி உள்ள யாரிடமாவது கொடுத்து எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் சோதிக்கச் சொல்லுங்கள். கார்டு முழுவதும் எழுதி, திரும்பப் படித்து, உண்மை அளவைச் சொல்லிவிடும். பெரிய கார்டென்றால் சில மணி நேரம் பிடிக்கும். அதுவரை ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.